ஆனந்தபாயின் ஸ்தோத்திரச் சேவல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு, ஆகஸ்ட் பதினொன்று, புதன்கிழமை. காரோட்டில் விடிந்ததிலிருந்தே சாரல். மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைக்குக் கொத்தப் போக வேண்டிய ராஜையா, வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு புதுக்கடைக்குக் கிளம்பினான். மலையாள மாநிலத்தில் இருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி அன்று அங்கே ஊர்வலம்.

"போலீசு நிக்கிய இடத்தில உங்களுக்கு என்ன சோலி?" என்றாள் மனைவி ஆனந்தபாய்.

"சாயங்காலம் வாறேன். அதுக்குள்ள கோழியத் தூக்கிட்டு கோயிலுக்கு ஓடாத. எனக்குத் தும்மல் நின்னாலே ஸ்தோத்திரம் வைக்கியவளாக்கும் நீ."

அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் நல்லது எது நடந்தாலும் அவர்கள் கிறிஸ்தவ சபையில் முட்டையோ கோழியோ பலாக்காயோ ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைப்பார்கள். யார் வைத்தது, என்ன காரணம் என்று உபதேசியார் சபையறிய வாசிப்பார். பிறகு முற்றத்தில் ஏலம். ஆனந்தபாய் பசு கன்று போட்டாலும் வைப்பாள், காய்ச்சல் விட்டாலும் வைப்பாள்.

மதியமே செய்தி வந்துவிட்டது. துப்பாக்கிச் சூடு. சாயங்காலம் ராஜையா வரவில்லை, போலீஸ் வந்தது. பானைகளை உருட்டி, வைக்கோற்போரைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனது. ஆண்கள் ஆற்றங்கரைப் புதர்களில் பதுங்க, பெண்களே விளையில் கொத்தினார்கள், சந்தைக்கும் போய்வந்தார்கள். ராஜையா மலைக்கு ஓடிவிட்டான் என்று நம்பி, நாள் செல்லச் செல்லப் போலீசும் தேடுவதை விட்டது. இருக்கிறானா இல்லையா என்பது ஆனந்தபாய்க்கு மட்டும் விடாத கேள்வியாக இருந்தது.

ஆறாவது வாரம், தக்கலை வரைக்கும் கருவாடு விற்கப் போகும் ரத்னபாய் கூடையை இறக்கி வைத்துக் காதில் சொன்னாள்: "உனக்க மாப்பிள, அவருக்க அக்கா செல்லபாய் வீட்டில உண்டு. சுகமாக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தபாய் வீட்டில் மிச்சமிருந்த சேவலைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அவளுக்கு இருந்தது. உபதேசியார் சுவாமிதாஸ் வாசித்தார்: "ஆனந்தபாய், கணவர் சுகமாயிருக்கிற செய்தி கிடைத்ததற்காக, ஒரு சேவல்."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. ராஜையாவுக்கு உறவென்று இருந்தது ஒரே ஓர் அக்கா. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். முற்றத்து ஏலத்தில் நின்றவர்களில் யார் யாரிடம் சொன்னார்களோ, செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே அவனைப் பிடித்துவிட்டார்கள்.

லாக்கப்பிலிருந்து விட்டபோது அவனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இருமினால் இரத்தம் வந்தது. அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. எப்படிப் பிடித்தார்கள் என்று அவள் சொல்லவுமில்லை, அவன் கேட்கவுமில்லை. ஐம்பத்தாறில் எல்லை போட்டபோது அக்கா வீடு தமிழ்நாட்டில் சேர்ந்தது. அவன் குழி இருந்த காரோடு கேரளத்தில் நின்றது. ஆனந்தபாய் கோயிலுக்குப் போனாள். ஸ்தோத்திரம் மட்டும் அதற்குப் பிறகு வைக்கவில்லை.

அறுபத்து மூன்றில் ஒருநாள் செல்லபாய் பஸ் ஏறி வந்தாள். கையில் மடித்த காகிதம், புகை படிந்து பழுத்திருந்தது.

"கூரையைப் பிரிச்சு ஓடு போட்டோம் மக்கா. ஓலைக்குள்ள இருந்து விழுந்தது. அன்னைக்குத் தம்பி, ரத்னபாய் கையில குடுக்கச் சொல்லித் தந்தான். குழித்துறைப் பாலத்தில போலீசுக்காரனுவ கூடையைக் கொட்டிப் பாக்கியானுவன்னு பயந்து, இத ஓலையில சொருகிட்டு வாய்ச்சொல்லு மட்டும் சொல்லிவிட்டேன். பிறவு மறந்தே போச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாதே."

ஆனந்தபாய் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிரித்தாள். பென்சில் எழுத்து.

"ஆனந்தத்துக்கு. நான் சுகம். அக்கா வீட்டில் இருக்கிறேன். கோயிலில் சேவலை வைத்துவிடாதே, கேட்டியா. நான் வந்த பிறகு இரண்டு பேருமாய்ப் போய் வைப்போம்."