குடித்தனத்துக்கு ஒரு பேட்டரி

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கிணற்று மேட்டுப் புளியமரத்தடியில் ஒரு வீடு வந்து நின்றது. அதற்கு நாலு சக்கரம் இருந்தது. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் பால்குடிப் பிள்ளையோடு அதிலேயே குடியிருந்தார்கள். எங்களுடையது எரியோட்டுக்குப் பக்கத்தில் பத்து வீடு உள்ள ஊர். பத்து வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். எனக்கு எட்டு வயது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாவம், வீட்ட விட்டு வெரட்டிவிட்டாக போல. கைப்பிள்ளையோட எங்க போகும் இதுக?"

"வெரட்டுறவுக வீட்டையுமா குடுத்தனுப்புவாக மதினி?" என்றாள் அம்மா.

அவர்கள் விரட்டப்பட்டு வரவில்லை. ஊர் பார்க்க வந்தவர்கள். வந்த இடத்தில் ஒரு கோளாறு. பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி இருந்தது. அது சுற்றவில்லை. புரட்டாசி வெயிலில் பிள்ளையின் உடம்பெல்லாம் வேர்க்குரு. அது அழுத அழுகை பாஷை தெரியாமலே எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு மெக்கானிக் இருந்தார். அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லில் பஸ்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தவர், திடீரென்று துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று கேட்டால், "மொதலாளிக்குக் கோவம் சாஸ்தி" என்பார். வந்ததும் எங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தார். அது பிரிந்தபடியே ஒரு தட்டில் இருந்தது.

அப்பா அவருக்கு வேடசந்தூரில் புகையிலை மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். மாமாவுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. மழைக்காலத்தில் அவர் மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்கும்.

"அந்த நெடி அவன் நெஞ்சுக்கு ஆகாதுங்க" என்று அம்மா நாலு நாளாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நெஞ்சுக்கு ஆகாதுன்னு வயித்தக் காயப்போட முடியுமா? நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா.

வண்டியைப் பார்த்ததும் அப்பாவுக்கே ஒரு யோசனை வந்தது. ஊரார் முன்னால் சொன்னார்: "மாப்ள, அந்தப் பிள்ளைக்கு விசிறியச் சுத்தவிட்டுரு. நீ மெக்கானிக்குன்னு நானே ஒத்துக்கிடுறேன். சுத்தலன்னா திங்கக்கெழமை மொத பஸ்சு."

சனிக்கிழமை மாமா வண்டிக்குள் ஏறினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வண்டிச் சாமான்களின் பெயர்கள்தான். வெள்ளைக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த வண்டியில் இரண்டு பேட்டரி இருப்பதை மாமா கண்டுபிடித்து வந்து சொன்னார். "வண்டி ஓடுறதுக்கு ஒண்ணு, குடித்தனத்துக்கு ஒண்ணு. கட்டிலுக்கு அடியில வச்சிருக்காக. குடித்தனத்துப் பேட்டரிதான் படுத்துக்கிச்சு."

"எல்லா வீட்லயும் அதுதான படுக்குது" என்றாள் அத்தை.

அந்தப் பேட்டரியின் முனைகளில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தது. மாமா வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார். தளர்ந்திருந்த ஒயரை முறுக்கினார். வெள்ளைக்காரர் எஞ்சினைக் கிளப்ப, விசிறி சுற்றியது! மாமா எங்கள் பக்கம் திரும்பி மீசையைத் தொட்டுக்கொண்டார். எஞ்சினை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் விசிறியும் நின்றது. தொட்டுக்கொண்ட மீசையை என்ன செய்வதென்று மாமாவுக்குத் தெரியவில்லை.

அப்புறம் டைனமோவின் பெல்ட்டை இறுக்கினார். மறுபடி எஞ்சின், மறுபடி விசிறி, மறுபடி நின்றது. பொழுது சாயும்வரை இதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பேட்டரியை வெளியே எடுத்து வைத்திருந்தார். அம்மா அவருக்கு நீராகாரம் கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, இதுக்குச் சோறு போடுறோம். உள்ள போகுது. தங்கமாட்டேங்குது."

"வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியாலே?"

மாமா மேலே இருந்த ஆறு மூடிகளையும் திருகினார். உள்ளே தகடுகள் காய்ந்து தெரிந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணி வத்திக் கெடக்கு! ஏ தாயி, கெணத்துல ஒரு செம்பு மோந்துட்டு வா!"

நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் சாய்க்கப் போகும்போது அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"பட்டறையில எந்தத் தண்ணி ஊத்துவீக?"

"பாட்டில்ல வரும், பேட்டரித் தண்ணின்னு. ஒருநா தீந்துபோச்சு. நான் தொட்டித் தண்ணிய ஊத்துனேன். கூடக் கொஞ்சம் ஊத்திட்டேன் போல, மொதலாளி அன்னைக்கே போடான்னுட்டாரு." சொல்லிவிட்டு மாமா வேறு பக்கம் பார்த்தார். அவர் ஊருக்கு வந்த காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா செம்பை வாங்கி வாய்க்காலில் ஊற்றினாள். "கூட ஊத்துனதுக்கு இல்லலே. இந்தத் தண்ணியில ஒரு பருப்பு வேகுமா? ஒரு நாள் வச்சா பானையில வெள்ளைக் காரை கட்டுது. பானைக்குப் பண்றத இதுக்கும் பண்ணாதா? செத்த நேரம் இரு."

எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் அப்படித்தான். பருப்பு வேகவைக்க அம்மா மழைத்தண்ணீர் பிடித்து வைப்பாள். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு முற்றத்தில் நாலு குச்சி நட்டு வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போடுவாள். கல் இருக்கும் இடத்தில் ஒழுகுவதைப் பானையில் ஏந்தி, வாய்கட்டி வைப்பாள். அதை எங்களுக்குக் குடிக்கக்கூடக் கொடுக்கமாட்டாள். அந்தப் பானையைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வாயிலும் மாமா அதைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

பேட்டரியை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரரும் மாமாவும் வேடசந்தூர் வரை போய்வந்தார்கள். திரும்பவும் ஒரு தடவை போய்வந்தார்கள். நாலு மணிக்கு வண்டி புளியமரத்தடியில் நின்றது. எஞ்சினை அணைத்தார்கள். அப்பாவும் வெங்காயக் காட்டிலிருந்து வந்துவிட்டார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை ஒரு முறை வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டும் வந்தாள். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை வாயைப் பிளந்து தூங்கியது. அதன் அம்மா மாமாவின் கரிக்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மாமாவுக்கு வெட்கத்தில் காது சிவந்துபோனது.

அப்பா கேட்டார்: "மழைத்தண்ணி ஊத்துனியாமே? அது ஒனக்கு எப்பிடித் தோணுச்சு மாப்ள?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டென்று சொன்னாள்: "நேத்தே இவன் கேட்டான். பருப்புக்கு வேணும்னு நான்தான் குடுக்கல."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பத்து வீட்டு ஆட்கள் நிற்கும் இடத்தில் நான் வாயைத் திறந்து பேசியதும் இல்லை. இரண்டும் அன்றைக்கு நடந்தன. "இல்லப்பா, மாமா கெணத்துத் தண்ணியத்தான்..." என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. மீதிப் பேச்சு உள்ளேயே போய்விட்டது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பிடியா" என்றார். விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா அதற்குப் பிறகு எரியோட்டில் ரோட்டோரமாக ஒரு பேட்டரிக் கடை போட்டார். இன்றைக்கும் வருகிறவர்களுக்கு அந்த மழைத்தண்ணீர்க் கதையைச் சொல்கிறார். அதில் அம்மா வரமாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் முதல் பஸ் மாமா இல்லாமல் போனது. கிட்டங்கிக்காரரிடம் ஆள் வரவில்லை என்று சொல்ல அப்பா சைக்கிளில் கிளம்பினார். போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதாக என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "பலமாக் கிள்ளிட்டாளா தாயி?"

நான் தொடையைத் தடவிக்கொண்டேன்.

"நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

கேட்டிருந்தால் மாமாவை அல்லவா கிட்டங்கிக்கு அனுப்பியிருக்க வேண்டும்? கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க வேடசந்தூருக்குப் போகிற மனுஷர், எதற்காக அவ்வளவு சந்தோஷமாக மிதிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மேடு வந்தபோதுகூட அவர் இறங்கித் தள்ளவில்லை. விழுந்துவிடாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.