தொட்டி மாறியது, கம்பி மாறவில்லை

குடும்பத்தில் அவருக்குப் பெயர் பிளஸ்மைனஸ். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். மனைவி மட்டும் முகத்துக்கு நேராகவே சொல்வாள். தொழில் வெள்ளி முலாம் பூசுவது. சந்தின் கடைசியில் ஒற்றை ஷட்டர் வைத்த பட்டறை. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், மின்சாரம் தரும் ஒரு பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஒரு சிவப்புக் கம்பி, ஒரு கறுப்புக் கம்பி. அவ்வளவுதான் சொத்து.

தொழில் எப்படிப் போகிறது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. மின்சுமை ஏறிய அணுதான் அயனி என்று தொடங்குவார். சிவப்புக் கம்பி போகும் நேர்மின்முனையில் உலோகம் எலக்ட்ரானை விட்டுவிட்டு நேரயனியாகக் கரைசலுக்குள் இறங்கும். கறுப்புக் கம்பி போகும் எதிர்மின்முனையில் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகப் படியும். பிளஸ்ஸில் தேயும், மைனஸில் வளரும். மைனஸ் பக்கம் நின்றால் ஆதாயம் வரும் ஒரே தொழில் தன்னுடையதுதான் என்று முடித்து, தானே சிரித்துக்கொள்வார்.

இந்தப் பாடத்தைக் கொட்டாவி விடாமல் கேட்கும் ஒரே ஆள் அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர். நகராட்சி வாத்தியக் குழுவில் முதல் டிரம்பெட் வாசிப்பவர், மேல் சுருதி எல்லாம் அவர் பங்கு. பட்டறை போடக் கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் தன் வீட்டுக் கார் ஷெட்டைக் காலி செய்து கொடுத்தவர். கார் மழையில் நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். அவர்தான் ஒருநாள் டிரம்பெட்டின் மௌத்பீஸைக் கழற்றிக் கொண்டுவந்தார். உதடு படும் அந்தச் சின்னக் கிண்ணத்தில் வெள்ளி போய், பித்தளை எட்டிப் பார்த்தது.

வேலை சுலபம். முதல் தொட்டியில் பொருளைச் சிவப்புக் கம்பியில் மாட்டிப் பழைய வெள்ளியை உரிக்க வேண்டும். பிறகு இரண்டாவது தொட்டிக்கு மாற்றி, பொருளைக் கறுப்புக் கம்பியிலும் ஒரு வெள்ளித் தகட்டைச் சிவப்புக் கம்பியிலும் மாட்டிப் புது வெள்ளி ஏற்ற வேண்டும். பிளஸ்மைனஸ் உரித்தார், கழுவினார், தொட்டியை மாற்றினார். அந்த நேரம் பார்த்து ஷட்டர் வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று, அது எப்படிங்க ஒட்டுது என்று கேட்டுவிட்டார். நேரயனி எதிர்மின்முனையை நோக்கித்தான் போகும், மாறிப் போகவே போகாது என்று பிளஸ்மைனஸ் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் மௌத்பீஸ் சிவப்புக் கம்பியிலேயே தொங்கிக் கரைந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது தேய வேண்டிய வெள்ளித் தகடு கறுப்புக் கம்பியில் அழுக்குப் படிந்து கிடந்தது. வளர வேண்டிய மௌத்பீஸின் விளிம்பு ஒரு பக்கம் மெலிந்து, எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். அவர் தேய்த்தார், மெருகேற்றினார், மேலே தாராளமாக வெள்ளி ஏற்றினார். பார்வைக்குப் புதியதைவிட அழகாக வந்துவிட்டது. அசிங்கமாக வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

"புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டியே சகலை," என்று வாங்கிக்கொண்டு போனார் டிரம்பெட் சகலை.

அதற்குப் பிறகு மேல் சுருதிக்குப் போனால் டிரம்பெட்டின் ஒலி உடைந்தது. சகலை வால்வைச் சந்தேகப்பட்டார், பல்லைச் சந்தேகப்பட்டார், கடைசியில் வயதைச் சந்தேகப்பட்டார். மௌத்பீஸை மட்டும் சந்தேகப்படவில்லை. அது தன் சகலையின் கை பட்டது. குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை விட்டார். உதட்டுக்குப் பயிற்சி செய்தார். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். அந்தத் தண்ணீரில் இருப்பது சோடியம் நேரயனியும் குளோரைடு எதிரயனியும் என்று பிளஸ்மைனஸ் வழக்கமாகச் சொல்லியிருப்பார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை. வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் நிம்மதிதான் வந்தது.

பட்டறையில் கம்பியை மாட்டும் முன் சிவப்பா கறுப்பா என்று மூன்று தடவை பார்த்தார் பிளஸ்மைனஸ். முதல் டிரம்பெட்டை விட்டுவிடப் போகிறேன் என்று சகலை சொன்னதாக மனைவி வந்து சொன்னதும், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சகலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க உதடு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கம்பியை மாத்தாம விட்டுட்டேன். மௌத்பீஸ் கரைஞ்சிடுச்சு. மேல பூசி மறைச்சுட்டேன்."

சகலை கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப்பை மாட்டினார். திட்டுவார் என்று பிளஸ்மைனஸ் காத்திருந்தார். திட்டினால் பாதி பாரம் இறங்கும்.

"நேத்தே பேண்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்டா," என்றார். "அந்த இடத்துல சின்னப் பையனைப் போட்டாச்சு. அவன் வீட்டுல எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருப்பான். இனிமே போய் எப்படிக் கேக்கறது?"

"நான் வந்து மாஸ்டர்கிட்ட சொல்றேன். அக்காகிட்டயும் சொல்லிடறேன்."

"உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. அக்காவும் தங்கச்சியும் பேச்சை விட்டுட்டா நாம ரெண்டு பேரும் ஹோட்டல்லதான் சாப்பிடணும்." அடுத்த துணியைப் பிழிந்துகொண்டே, "உதடு நல்லாத்தான் இருக்குன்னு இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

சொன்னார்.

அடுத்த கச்சேரிக்கு இரண்டு குடும்பமும் போயிருந்தது. முதல் டிரம்பெட்டைப் பையன் பிசிறில்லாமல் வாசித்தான். சகலை மேடையின் இரண்டாவது வரிசையில், புதிதாக வாங்கிய மௌத்பீஸோடு, தன் முறைக்காகத் தாளம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறை வந்தபோது ஊதினார். சுருதி சுத்தமாக நின்றது. அடுத்த வரிக்குள் அவர் முறை முடிந்துபோனது.

"பாவம், அவருக்கு வயசாயிடுச்சு," என்றாள் மனைவியின் அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம்.

பிளஸ்மைனஸ் வாயைத் திறந்தார். மேடையிலிருந்து சகலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டார்.