பொங்கல் வரைக்கும் நாலாவது மாடி

ஓய்வு என்பது, விடுப்பு எழுதிக் கேட்க ஆளே இல்லாத வேலை. பிள்ளைகள் பேச்சைக் கேட்டு அபார்ட்மெண்டுக்குக் குடிவந்து, லிஃப்டுக்குக் காத்திருந்தே பாதி நாளைக் கழிக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நானும் என் மனைவி பாவாயியும் எருமப்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் கோழிப்பண்ணை வைத்திருந்தோம். என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மகன் சேலத்தில் நாலாவது மாடியில் ஒரு வீட்டைப் பிடித்துவிட்டான். பண்ணை தம்பி கைக்குப் போயிற்று. எனக்கு வீடு பிடித்திருந்தது. பாவாயி வந்த அன்றே கெடு வைத்தாள்: "பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்க. புடிக்கலீன்னா நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க இங்கயே இருந்துக்கங்க."

சொன்னால் செய்கிறவள். எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்பதுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளுக்குள் பயந்துதான் போனேன்.

வாசல் தட்டு

பண்ணைக்குள் யார் நுழைந்தாலும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் நோய் ஒரே வாரத்தில் ஷெட்டையே காலி செய்துவிடும். குடிவந்த மறுநாள் பாவாயி பழக்க தோஷத்தில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கலக்கி வாசலில் வைத்துவிட்டாள். நானும் அதை மிதித்துக்கொண்டே போய்ப் பால் வாங்கி வந்தேன். இரண்டு பேருக்குமே அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

அசோசியேஷன் செயலாளர் மாணிக்கம் எங்களை வரவேற்க வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே பால் காய்ச்சியபோது கட்டிய மாவிலை. கீழே சிவப்புத் தண்ணீர். மனிதர் பயபக்தியோடு குனிந்து, விரலை விட்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டார். அது காய்ந்து பழுப்பாகி மூன்று நாள் அவர் நெற்றியை விட்டுப் போகவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஆரத்தியெல்லாம் கரைச்சு வெச்சிருக்கீங்க, என்ன விசேஷம்னு எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

விருந்தாளி நான்

ஒரு நாள் வேட்டியும் மஞ்சப்பையுமாகக் கடையிலிருந்து திரும்பினேன். கேட்டில் புதுக் காவலாளி, ஆத்தூர்க்காரர். "எந்த வீடுங்க?" என்றார். "நானூத்தி ரெண்டு" என்றேன். அது என் வீடு என்று சொல்வதற்குள் என்னைப் படம் எடுத்து, கைப்பேசியில் எதையோ தட்டிவிட்டார். வீட்டுக்காரர் சம்மதம் கொடுத்தால்தான் வெளியாளை உள்ளே விடுவார்களாம்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது. உங்களைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், விடலாமா என்று கேட்டிருந்தது. கீழே என் படம். இவ்வளவு கிழடு தட்டிவிட்டதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பார்த்தால் நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தான். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். காவலாளி எழுந்து மரியாதையாகக் கேட்டைத் திறந்தார்: "ஓனர் சரின்னுட்டாருங்க ஐயா, இப்ப நீங்க போலாம்."

சிவப்பு வட்டம்

பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது இங்கே சட்டம். பாவாயி சுங்கடிப் புடவையைக் காயப்போட்டாள். பத்தே நிமிஷத்தில் அது படமாகி, சுற்றிலும் சிவப்பு வட்டத்தோடு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் மாணிக்கம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் அவளுடைய குறை வேறு. பண்ணையில் தீவன லாரிக்காரரிலிருந்து முட்டை ஏற்றுகிறவர் வரை நாள் முழுக்க "அக்கா, அக்கா" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே எல்லாக் கதவும் சாத்தியே இருந்தது. வந்து இரண்டு மாதமாகியும் ஒருவரும் அவளிடம் வாய் திறந்து பேசவில்லை. படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்லீங்க. இங்க ஒரு மனுசராவது நம்ம ஊட்டை ஏறெடுத்துப் பாத்திருக்கறாரே."

டார்ச் வெளிச்சம்

மார்கழியில் ஒரு நாள் மாணிக்கம் ஒரு அட்டை முட்டையோடு நாங்கள் நின்ற லிஃப்டில் ஏறினார். பாவாயி அவரைக் கேட்காமலேயே ஒன்றை எடுத்தாள். என் கைப்பேசியைப் பிடுங்கி, டார்ச்சைப் போட்டு, முட்டையின் அகலப் பக்கத்தை அதன்மேல் வைத்துக் கையால் மூடிப் பார்த்தாள். "காத்துப் பை எத்தாப் பெருசா இருக்குது பாருங்க சாமி. இது பழசுங்க" என்றாள். அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் உடைத்துப் பார்த்த பிறகு நம்பினார். நாற்றம் எங்கள் மாடி வரைக்கும் வந்தது.

மறுநாளிலிருந்து ஆளாளுக்கு முட்டையோடு எங்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். கூட்டம் தாங்காமல் பாவாயி பழைய தகரத் தட்டை எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்தாள். வந்தவர்களெல்லாம் காலை நனைத்துவிட்டே உள்ளே வந்தார்கள். மாணிக்கம் மட்டும் இந்த முறை குனியவில்லை. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டு நின்றார்: "செருப்போட மிதிங்க, செருப்போட! நெத்தியில மட்டும் வெச்சுக்காதீங்க."

போகியன்று

கெடு முடிந்தது. பாவாயி பையைக் கட்டினாள். தம்பி கார் அனுப்பியிருந்தான். திரும்பி வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நெஞ்சு அடித்துக்கொண்டது, அதற்கு ஸ்டென்ட் காரணம் இல்லை. வழியனுப்ப நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

கீழே மாணிக்கமும் ஏழெட்டுப் பெண்களும் நின்றிருந்தார்கள். "அக்கா, போறீங்களா?" என்றாள் ஒருத்தி. பாவாயி காரில் ஒரு காலை வைத்தபடி திரும்பி எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னாள்: "மாட்டுப் பொங்கல் முடிஞ்சதும் வந்தர்றனுங்க. நான் வர்ற வரைக்கும் ஆரும் முட்டை வாங்கிப்போடாதீங்க."

இப்போது தினமும் பத்து மணிக்கு அவள் முட்டை பார்க்கிறாள், நான் டார்ச் பிடிக்கிறேன். ஓய்வில் எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்புக் கிடையாது.