‘சரிங்க’வுக்குத் தடை

நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் சட்டம் படிக்க வேண்டும் என்று வந்தால், எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இவருக்கு எந்தக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது? பங்காளிச் சண்டையா, வண்டித்தடத்தை மறித்த தகராறா, சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்தா என்று மனது தானாகவே துழாவும். எட்டு வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோர்ட்டில் நின்றவள் நான். யார் எதைச் சொன்னாலும் இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி அங்கே ஒட்டிக்கொண்டது. தொழிலை நான் விட்டுவிட்டேன், அது என்னை விடவில்லை.

இப்போது கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே மாடியில் வகுப்பு நடத்துகிறேன். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஊரெல்லாம் கோச்சிங் சென்டர் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவர்கள், ரிட்டையர் ஆனவர்கள். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு நான் அனுப்பும் தனியார் கல்லூரியில் எழுத்துத் தேர்வு உண்டு, அதன் பிறகு நேர்முகத் தேர்வு. எழுத்தில் எப்படியோ தேறிவிடுவார்கள். நேர்முகத்தில்தான் கவிழ்வார்கள்.

கவிழ்ப்பது பெரும்பாலும் ஒரே சொல், ‘சரிங்க’. எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால் சம்மதம் என்று பொருளில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, எதிர்த்துப் பேசி உங்கள் மனதை நோகடிக்க மாட்டேன், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் நேர்முகத்தில், “தொழிலையும் பார்த்துக்கிட்டு படிக்கிறது கஷ்டம், அடுத்த வருஷம் பார்க்கலாமே?” என்று கேட்டிருக்கிறார்கள். இவர் “சரிங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தார். அவராகவே விலகிக்கொண்டார் என்று அவர்கள் முடித்துவிட்டார்கள். “அதெப்படிங்க, நான் சரிங்கன்னுதானுங்களே சொன்னேன்” என்று என்னிடம் நியாயம் கேட்டார். அன்றிலிருந்து என் வகுப்பில் அந்தச் சொல்லுக்குத் தடை.

போன வருடம் காங்கேயத்திலிருந்து ஓர் அம்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். தபால் வழியில் பி.காம். முடித்திருந்தார். தம்பியின் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, கணவர் இல்லை. வாரம் தவறாமல் சனிக்கிழமை வருவார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்.

எனக்கு முதல் நாளே பொறி தட்டியது. காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வருபவர் கசங்கி வருவார். இவர் சேலை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். அடுத்த வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அம்மணி இறங்கியதும், வேட்டி கட்டிய ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். அம்மணி தலையாட்டினார். கார் போகும்வரை தெருமுனையிலேயே நின்றிருந்துவிட்டுத்தான் என் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

யாரோ இவரை அனுப்புகிறார்கள் என்று முடிவு கட்டினேன். குடும்பத்துக்குள் ஒரு வக்கீல் இருந்தால் வெளியே யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று கணக்குப் போடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் இவர் கண்விழித்துப் படிப்பார், பிறகு கார்க்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது.

ஒத்திகையில் மற்றவர்களைவிட இவரை அதிகமாகவே குடைந்தேன்.

“எதுக்கு சட்டம் படிக்கோணும்?”

“சமூக சேவை செய்யறதுக்குங்க மேடம்.”

“பொய். அடுத்த பதில் சொல்லுங்க.”

“ஏழைங்களுக்கு உதவி செய்யறதுக்குங்க.”

“அதுவும் பொய்தானுங்க அம்மணி. கார்ல வர்றவங்களுக்கு எந்த ஏழையைத் தெரியும்?”

அவர் முகம் சுருங்கியது. “சரிங்க” என்றார். தடை போட்ட சொல்லைச் சொன்னதற்காக இன்னொரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு அந்தச் சொல் மூச்சு விடுகிற மாதிரி. இன்னொரு டம்ளர் காபி வேண்டுமா என்று கேட்டால் சரிங்க என்பார். ஊற்றிக் கொடுத்தால் அது ஆடை கட்டி அப்படியே இருக்கும். ‘இல்லீங்க’ என்று ஒரு தடவை சொல்லுங்கள் பார்ப்போம் என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தேன். வாயைத் திறந்தார், மூடினார், சிரித்து மழுப்பினார்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. “ஒன்னு கேக்கலாமுங்களா?” என்றார். “ஒருத்தரு சரிங்கன்னு சொன்னா, சட்டப்படி அது சம்மதம்தானுங்களா?”

வந்துவிட்டது வழக்கு என்று நினைத்தேன். ஓசியில் யோசனை கேட்க வந்த ஆட்களிடம் காட்டும் முகத்தை அவரிடமும் காட்டினேன். “யார் எங்க சொன்னது?” என்றேன்.

அவர் சொன்னார். அப்பா தவறிய பிறகு தோட்டத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும்படி தம்பி கேட்டிருக்கிறார். நல்ல நாள் பார்த்து சார்பதிவாளர் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி, “முழுச் சம்மதத்தோடதானே எழுதிக் குடுக்கறீங்க?” என்று கேட்டார்.

“நான் சரிங்கன்னேனுங்க. தம்பி பக்கத்துலயே நின்னுச்சுங்க. அந்த ஆபீசரு வெளியூருங்க. பேனாவ என் கையில குடுத்துட்டாருங்க.”

“அங்கயே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?”

“பங்கு கேட்டா பொறந்த ஊட்டு ஒறவே இல்லைன்னு ஆயிருமுங்களே மேடம். மகளுக்குச் சீர் செய்ய மாமன் வேணுமில்லீங்களா?”

காரில் வருபவர் அந்தத் தம்பிதான். மில்லுக்கு உதிரிபாகம் வாங்க சனிக்கிழமைதோறும் கணபதிக்கு வருகிறார். அக்கா ஜி.எஸ்.டி. கிளாசுக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டதும் என் சந்தேகம் தீரவில்லை, பக்கம் மாறிக்கொண்டது. அப்படியென்றால் தம்பிமேல் கேஸ் போடத்தான் படிக்கிறாரா? தம்பி காரிலேயே வந்து, தம்பிக்கே குழி வெட்டுகிறாரா? நேராகவே கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, “நேரமாச்சுங்க, தம்பி நிக்கும்” என்று எழுந்துவிட்டார்.

நேர்முகத் தேர்வு முடிந்த அன்று கல்லூரி வாசலில் இருந்தே போன் செய்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்த மெட்ராஸ்காரர், “உங்க வயசுல குடும்பம், வேலை எல்லாம் இருக்கும். அவசரமில்லையே, அடுத்த வருஷம் வாங்களேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். போச்சு, ‘சரிங்க’ என்று சொல்லியிருப்பார் என்றே நினைத்தேன்.

“நாக்கு நுனிக்கு வந்திருச்சுங்க மேடம். முழுங்கிப்போட்டேனுங்க. இல்லீங்க, எனக்கு இந்த வருசமே வேணுமுங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

“சரி, எதுக்கு சட்டம்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேனுங்க.”

அந்த உள்ளது என்ன என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பிமேல் கேஸ் போடத்தான் என்று சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகமும் போகவில்லை.

சீட் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு முந்தைய சனிக்கிழமை, அம்மணி வர வேண்டிய நேரத்தில், அந்த வெள்ளைக் கார்க்காரர் என் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு டின் தேங்காய் எண்ணெய். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இவ்வளவு மரியாதையோடு வருபவர்களைக் கண்டால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

“ஏனுங்க மேடம், அக்கா ஜி.எஸ்.டி. கிளாஸ்னுதானுங்க எங்ககிட்ட சொல்லுச்சு. காலேஜ்ல இருந்து மில்லு நம்பருக்கு போன் வந்த பொறகுதான் எங்களுக்கே தெரியும்.” டின்னை மேஜைமேல் வைத்தார். “நம்ம மில்லுல ஆட்டுனதுங்க. கலப்படமில்லாதது.”

நான் டின்னைத் தொடவில்லை.

“இந்த வயசுல அதுக்கெதுக்குங்க படிப்பு? ஊட்டுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அது எங்க சொல்லு கேக்காது, உங்க சொல்லு கேக்கும். சேர வேண்டாம்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லிப்போடோணுமுங்க.”

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. இப்படித்தானே நல்ல நாள் பார்த்து, பக்கத்தில் நின்று, அக்காவிடமும் கேட்டிருப்பார். வாதாட எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான்.

“சரிங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “ரொம்பச் சந்தோசமுங்க” என்று கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். படி இறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் அது நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி ஏறி வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“மேடம், நீங்க இப்பச் சொன்னது எந்தச் சரிங்க?”

ஆக, அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆபீசர் வெளியூர்க்காரர், அவருக்குப் புரிந்திருக்காது. பக்கத்தில் நின்றவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. இத்தனை மாதம் அந்த அக்காவைச் சந்தேகப்பட்டு, குடைந்து, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தவளிடம், சந்தேகப்பட வேண்டிய ஆள் இப்போதுதான் வாசலில் நின்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உங்க அக்கா சொன்னாங்கல்ல,” என்றேன். “அதே சரிங்கதானுங்க.”

அவர் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே வந்து, எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். திங்கட்கிழமை அவருடைய அக்கா காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கசங்கிய சேலையோடு கல்லூரியில் சேர்ந்தார்.