ஒரு தலை குறைகிறது

கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் வால்வு பழுது பார்ப்பது என் வேலை. அங்கே நான் யாருக்கும் நிரந்தர ஆள் இல்லை. பிறை என்ற ஊரில் இருக்கும் ஒரு சின்ன சப்கான்ட்ராக்டரின் ஆள். எங்கள் தொழிலுக்கென்று ஒரு பேச்சு உண்டு. கடலுக்குக் கூப்பிட்டால் 'மொப்'. திருப்பி அனுப்பினால் 'டிமொப்'. மேடையில் அன்றைக்கு இருக்கும் ஆட்களின் கணக்கு 'பி.ஓ.பி.' சைரன் அடித்ததும் எல்லாரும் ஓரிடத்தில் கூடித் தலை எண்ணுவது 'மஸ்டர்'.

ஒருமுறை பயிற்சிக்காகச் சைரன் அடித்தபோது, கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே காதை அடைத்துக்கொண்டு குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. பி.ஓ.பி.யில் ஒரு தலை குறைகிறது என்று மேடையே என்னைத் தேடியிருக்கிறது. இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினார்கள். சேஃப்டி அதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்னைத் தேடினார்களே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை யாரிடம் சொல்வது?

டிமொப் ஆகி ஜார்ஜ்டவுன் வந்தேன். மனைவி பிரிந்து போனதிலிருந்து பழைய அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருக்கிறேன். வந்ததும் காய்ச்சல் கண்டது. எழுந்து தண்ணீர் குடிக்கத் தெம்பில்லாமல், பகலா இரவா என்று தெரியாமல் கிடந்தேன். கைப்பேசிக்கு ஆபீசிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. அடுத்த வேலைக்குத் தயாரா என்று.

கொஞ்சம் தேறியதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நான் வழக்கமாகச் சோறும் குழம்பும் சாப்பிடும் நாசி கண்டார் கடைக்குப் போனேன்.

"என்ன தம்பி, எளைச்சிட்டீங்க? கடல்ல சாப்பாடு சரியில்லையா?" என்றார் கடைக்காரர்.

"கடல்ல இல்லண்ணே. வீட்லதான் காய்ச்சல்ல கெடந்தேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா! நீங்க மொப்ல போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

எங்கள் சொல்லை அவர் வாயில் கேட்டதும் ஒரு துணிச்சல் வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அண்ணே, ரெண்டு நாளா என்னைக் காணோம்னா ஒரு கால் பண்ணிப் பாக்குறீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு லா? நம்பரும் வீட்டு அட்ரஸும் குடுங்க."

சில வாரங்களில் அவசர மொப் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கரைக்கு ஓடி ஹெலிகாப்டர் ஏறினேன். அவரிடம் சொல்ல மறந்தே போனேன். மேடையில் கைப்பேசிக்கு லைன் கிடையாது.

திரும்பி வந்தபோது என் சாவி கதவில் நுழையவில்லை. பூட்டு புதிது. எதிர்வீட்டுச் சீன அம்மா வெளியே வந்தார். அதுவரை நாங்கள் லிஃப்டில் தலையசைத்துக்கொண்டதோடு சரி. இப்போது மலாயில் பொரிந்து தள்ளினார். கடைக்காரர் போன் மேல் போன் போட்டுப் பார்த்துவிட்டு மோட்டாரில் வந்தாராம். தட்டியும் திறக்காததால் இருவருமாக ஆள் வைத்துப் பூட்டை உடைத்து, குளியலறை வரை தேடினார்களாம். 'நீ செத்துக் கிடக்கிறாய் என்று நினைத்தேன்' என்றார்.

புதுச் சாவியைக்கூட வாங்காமல் நேரே கடைக்குப் போனேன். "மன்னிச்சிருங்கண்ணே. சொல்லாம போயிட்டேன்."

"போங்க தம்பி, வேலைன்னா போய்த்தான் ஆகணும். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. எனக்குத் தூக்கமே இல்ல லா."

அன்று மாலை சீன அம்மா புதிய சாவிகளைக் கொண்டுவந்தார். இரண்டை என் கையில் கொடுத்தார். மூன்றாவதை, என்னைக் கேட்காமலே, தம் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போனார்.