ஒரு பக்கம் தீட்டிய கத்தி

சோப்பு போட்டு மூன்று தடவை கழுவியும் என் விரல்களில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. கால் லிட்டருக்கு நாலு பேரிடம் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. எல்லாம் மைதீனால் வந்தது. போன வாரம் சென்னையிலிருந்து போன் பண்ணினான். "ஏலே, வெள்ளிக்கிழமை விருதுநகர்ல எங்க அக்கா பேரனுக்கு நிக்காஹ். முடிச்சிட்டு உன்னையப் பாக்க வாறேன்." போனை வைத்ததும் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில், காலண்டர் தாளில் சுற்றி, அவனுடைய மடக்குக் கத்தி இருந்தது. சவரக் கத்திதான், பயப்படாதீர்கள். முழுக்கத் துரு.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. அவன் அச்சடிப்பான், நான் கட்டிங் மிஷினில் வெட்டுவேன். தீபாவளி சீசனில் குருவிப் படம் போட்ட வெடி லேபிள் லோடு லோடாகப் போகும். கை தப்பி நான் வால் வெட்டிய குருவிகள் எல்லாம் கனவில் வந்து வாலைக் கேட்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே கண்ணாடி.

அந்தக் கத்தி, மைதீனின் அத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கியது. அவர் மௌத்தான பிறகு இவனுக்கென்று வந்தது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் கண்ணாடியை ஜன்னலில் சாத்தி, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வழிப்பான். ஒரு கீறல் விழாது. நானோ பிளேடு போட்டே மூஞ்சியை ரணகளமாக்குகிற ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பார்த்தால் பிளேடு தீர்ந்துவிட்டது. மைதீன் ஊருக்குப் போயிருந்தான். கேட்காமல் எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பாதி முகம் ஜோராகத்தான் வந்தது. மறுபாதிக்குத் திரும்பும்போது சோப்புக் கை வழுக்கி, கத்தி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பில் நொய்யரிசி அளவுக்கு ஒரு பல் போயிருந்தது. மீதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தெருமுனை சலூனுக்கு ஓடினேன். பெண் பிடித்திருந்தது. கேசரியைத்தான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் அவன் திரும்புவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். சாணைக்காரரிடம் போயிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் தொழில் தெரியுமே! சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மிஷின் கத்திக்கு வைத்திருந்த கல்லில் உட்கார்ந்தேன். அந்தக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை; ஒரு பக்கத்தைத்தான் தீட்டுவோம். இதையும் அப்படியே தீட்டினேன். பல் மறைந்தது. பளபளவென்று வந்தது. எனக்கே என் மேல் பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை அவனுடைய பாட்டு முனகல் நடுவில் நின்றது. மைதீனின் இடது காதுக்குக் கீழே ஒரு விரக்கடை நீளத்துக்கு வெட்டு. ரத்தம் பனியனில் வழிந்தது. "கத்தி மக்கர் பண்ணுதுலே" என்றான். நான் படிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. அடுத்த வருஷம் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது, "நீ வச்சிக்கலே" என்று என் கையில் கொடுத்தான். அத்தாவின் கத்தியை. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

எனவே இந்தத் தடவை அதை உருப்படியாக்கி, உண்மையையும் சொல்லி, அவன் கையில் சேர்த்துவிடுவது என்று முடிவு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நைஸ் எமரித்தாளால் துருவைத் தேய்த்தேன். செல்போனில் வீடியோ பார்த்துக் கல்லில் தீட்டப் பழகினேன். "முதுகும் விளிம்பும் கல்லில் படியணும், ரெண்டு பக்கமும் சமமாத் தீட்டணும்" என்று அதில் வந்த பையன் சொன்ன இடத்தில் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ரெண்டு பக்கமும்! நாற்பது வருஷமாகக் குற்றத்தைச் சிமெண்டுத் தரை மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தோல் வாரில் இழுக்க வேண்டும். திசை மாற்றி இழுத்து இரண்டு பெல்ட்டை அறுத்தேன். என் மனைவி, அந்த ஆமத்தூர்ப் பெண்தான், எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கே தாடியோட வந்திருந்தீகன்னா நானாவது தப்பிச்சிருப்பேன்." நாலாம் நாள் முன்கை முடியில் வைத்தேன். சத்தமில்லாமல் வழித்தது.

நேற்று மைதீன் வந்தான். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. ஹஜ்ஜுக்குப் போய்வந்ததிலிருந்து வைத்திருக்கிறானாம். நான் கத்தியை நீட்டி, எடுத்தது, போட்டது, தீட்டியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். அவன் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இதென்ன புதுசாச் சொல்லுத? அன்னைக்கே தெரியும்லே. ஒரு பக்கத்த மட்டும் தீட்டுறவன் கட்டிங் மிஷின்காரனத் தவிர வேற எவன்?"

"பெறவு ஏன்டா கேக்கல?"

"பொண்ணு பாத்துட்டு வந்து அம்புட்டு சந்தோசமா இருந்த. கேட்டா மூஞ்சி சுருங்கிப் போவியே. அதான் ஒங்கிட்டயே குடுத்துட்டுப் போனேன், சரி பண்ணிக் கொண்டாருவன்னு. நாப்பது வருசமா பண்ணுன?"

சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. "காயம்?" என்று கேட்டேன், நேற்றுப் பட்டதுபோல. இடது காதுக்குக் கீழே தாடியை விலக்கி விரலால் தடவினான். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அச்சாபீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்த ஒற்றை அறை இல்லை, ஜன்னலில் சாத்திய கண்ணாடி இல்லை. குருவிகளும் வாலைக் கேட்டு வருவதை நிறுத்திவிட்டன.

"இங்கனதாம்லே இருந்துச்சு" என்றான். "காணோம். விடு."

நான் விடவில்லை. தாடியை இன்னும் கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொன்னேன்.