கேட்கிற விலையும் வாங்கின விலையும்

பழைய பொம்மைக்கு விலை சொல்லிப் பிழைக்கிறவர்களே, நமக்குத் தலைவலி பொம்மையால் இல்லை, விலையால்தான். விற்கிறவர் ஏற்றிச் சொல்வார், வாங்கினவர் வாயே திறக்க மாட்டார்.

சோப்புப் போட்ட பஸ்

ஜுருவில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஜார்ஜ் டவுனில் பழைய பொம்மைக் கடை போட்ட புதிது. ஒரு பழைய தகர பஸ் கிடைத்தது. அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் தேய்த்து, உரிந்த இடத்தில் புதுச் சிவப்புப் பெயிண்டும் அடித்து வைத்தேன். பழைய பெயிண்டுக்குத்தான் மதிப்பே என்று எனக்கு யார் சொன்னார்கள்!

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் காதர் பாய், தகர பொம்மை என்றால் உயிரை விடுகிறவர். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் என் முகம் போன போக்கைப் பார்த்து வாங்கிக்கொண்டார். "என் பையன் உருட்டி விளையாடட்டும் லா. இனிமே தூசி தட்டுறதோட நிறுத்திக்குங்க, அண்ணே."

இரண்டாயிரம் வெள்ளி

போன மாதம் செசிலி அக்கா தன் அப்பாவின் தகர ரயிலைக் கொண்டுவந்தார். அக்கா கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இதை விற்றுத்தான் சரிபண்ண வேண்டும். இணையத்தில் தேடினேன். அதே ரயிலுக்கு இரண்டாயிரம் வெள்ளி விலை போட்டிருந்தது. அப்படியே சொல்லித் தொலைத்தேன். அக்கா அன்றைக்கே கூரை வேலைக்கு ஆள் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நிதானமாகப் பார்த்தால், அது ஒருவர் கேட்கிற விலை. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார், வாங்க ஆளில்லை. என் அனுபவத்துக்கு ஐந்நூறைத் தாண்டாது. மறுநாள் அக்கா ரயிலோடு வந்ததும் உண்மையைச் சொன்னேன். "நேத்து ரெண்டாயிரம், இன்னைக்கு ஐந்நூறா? விவரம் தெரியாதவளுன்னு ஏமாத்தப் பாக்குறியா, தம்பி?"

காதர் பாய் வாய் திறந்தார்

அதே மாதிரி ரயில் ஒன்று காதர் பாய் கடை அலமாரியில் நிற்கிறது. அக்காவை அங்கே கூட்டிப்போனேன். கல்லாவில் பாயின் மனைவி பாத்திமா உட்கார்ந்திருந்தார். "பாய், இதை என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்றேன்.

பாய் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீன் கறிச் சட்டியைப் பார்த்தார். பிறகு ஃபோனில் இருந்த ரசீதை எடுத்து அக்காவிடம் நீட்டினார். போன வருடம் வாங்கியது, நானூற்றைம்பது வெள்ளி. மனைவியிடம் அவர் சொல்லி வைத்திருந்தது ஐம்பது!

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா பேசிட்டேன்பா. ஒழுகுற இடத்தை அடைக்க இது போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுச் சண்டையை விலை கொடுத்து வாங்கி என் பேரைக் காப்பாற்றின மனுஷன் அவர். நான் எப்படி மறப்பேன்?

பாத்திமா கல்லாவிலிருந்து நானூற்றைம்பதை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். ரயிலை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பினார். "இது என் ரயிலு. ஒங்க அம்பது வெள்ளி ரயில அண்ணன் கடையில கொண்டுபோய் வித்துடுங்க."

நம்பகமான விலை வேண்டுமென்றால் வாங்கினவரிடம் அவர் மனைவி முன்னால் கேளுங்கள், அப்புறம் என்னை மாதிரி அவர் கடையிலேயே தினமும் சாப்பிட்டு ஆயுசுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருங்கள்.